வெறுங்கை



அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிற்றுண்டிச் சாலையில் எரிக் பிக்கர்ஸ்கில் என்னும் புகைப்படக் கலைஞர் ஒரு நாள் அமர்ந்திருந்தார். அடுத்த மேசையில் ஒரு குடும்பம். தந்தையும் பெண் மக்கள் இருவரும் தத்தம் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தனர். தாயிடம் கைப்பேசி இல்லையோ, எடுக்க மனம் இல்லையோ, அவர் மட்டும் சாளரத்தின் வழியே வெளியே நோக்கிக்கொண்டிருந்தார். அக்காட்சி கலைஞரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அதன் பின் அவர் எடுத்த படவரிசையே 2015-இல் பல நாடுகளிலும் பேசப்பட்டது. முறை எளியது. முக்காலியில் நிறுத்திய பெரிய பிலிம் கேமரா. கறுப்பு வெள்ளைப் படம். கைப்பேசியில் ஆழ்ந்திருப்பவரை அசையாதிருக்கச் சொல்லி, கருவியை மட்டும் கையினின்றும் வாங்கிவிட்டுப் படம் எடுப்பார். மணமான கையோடு காரில் சாய்ந்து நிற்கும் தம்பதியர், ஆளுக்கொரு திசையில் தம் உள்ளங்கையைப் பார்த்திருக்கின்றனர். மற்றொன்றில் கலைஞரும் அவர் மனைவியும் படுக்கையில் முதுகோடு முதுகாகக் கிடக்கின்றனர். பிறரை மட்டும் குறை சொல்லாமல் தம்மையும் சேர்த்துக்கொண்ட நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது. விரல்கள் குவிந்த அந்த வெறுங்கைகளைக் கண்டால், கோயிலில் தீர்த்தத்திற்கு நீட்டிய கைகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வார்ப்பவர் எவரும் அங்கில்லை.

2018-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒளி விழாவிலும் இதே பொருளில் ஒரு சிற்பம் வைத்தார்கள். காலி மே லூக்கஸ் என்பவரின் அமைப்பு அது. ஒரு பெஞ்சியில் குனிந்த தலையோடு மூன்று உருவங்கள். கையிலுள்ள கருவியின் ஒளி முகத்தில் வீழ்கிறது. வந்தவர் அவர்களிடையே அமரலாம்; அருகிருந்தும் துணையின்மையை உணரலாம்.

இத்துணையும் மெய்யே. எனினும், ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இப்படங்களோடு ஒரு வழக்கு உண்டு. டிரங்கால் பதிவு செய்துவிட்டுப் பொழுதெல்லாம் காத்திருந்த தலைமுறை நம்மில் இன்னும் இருக்கிறது. கும்பகோணத்துத் தாயின் முகத்தை இரவுதோறும் தில்லியில் காட்டுவது இந்தக் கருவியன்றோ? கையிலிருந்து அதை வாங்கும் கலைஞர், மறுமுனையிலுள்ள தாயையும் அல்லவா படத்தினின்றும் அகற்றிவிடுகிறார்!

இவ்வாறுதான் நாம் வாதாடி வந்தோம், சென்ற பங்குனி வரையில்.

நம் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு வங்காள மூதாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் மாசிமா. நாம் தில்லிக்கு வந்த புதிதில், கறிவேப்பிலை கிடைக்கும் இடத்தையும், ரிக்ஷாக்காரரிடம் பேரம் பேசும் இந்தியையும் அவரிடமே கற்றோம். சித்திரையில் ஒரு சீசா மாவடு கீழே இறங்கும். அதே சீசா சில நாளில் வேறேதாவது பண்டத்தோடு மேலே ஏறும். பின்னர் கருவியே தமிழில் செய்தியும் பாட்டும் தேர்த் திருவிழாவும் கொணர்ந்தது. வழி கேட்க ஆள் வேண்டியிருக்கவில்லை. மொழி கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. படியேறும்போதும் கண் திரையிலேயே இருந்தது.

இவ்வாண்டு மாவடு வந்ததும் சீசாவோடு இறங்கினோம். கதவில் பூட்டு. மகன் வீட்டோடு மாசிமா போய்விட்டாராம். போய் மூன்று வாரம் ஆயிற்று என்று சொன்னவர் பால்காரர். அந்த மூன்று வாரமும் நாள்தோறும் இருமுறை அக்கதவைக் கடந்திருக்கிறோம். அவருடைய எண் நம் கைப்பேசியில் இல்லை. ஒரே கட்டடத்தில் இருப்பவருக்கு எண் எதற்கு என்று வாங்காமலே இருந்துவிட்டோம்.

சீசாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். அதைப் பிடித்திருந்த கை ஒன்று. மற்றொரு கை, ஒன்றும் இல்லாமலே, குவிந்திருந்தது.