கோளும் சித்தும் ஓதலும்

திருச்சிற்றம்பலம்.



திருவிழாவிற்குக் கொடியேற்ற நாள் பார்க்கின்றோம். தேர்வடம் பிடிக்க நேரம் பார்க்கின்றோம். அதே திருக்கோயிலில் ஓதுவார் கோளறு பதிகத்தைப் பாடுகின்றார். நாளையும் கோளையும் கொண்டாடுவதா, அன்றிப் பொருட்படுத்தாது விடுவதா என்னும் ஐயம் இங்கே பலருக்கு எழுகின்றது. அவ்வையத்தையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

சிட்சை, கற்பம், வியாகரணம், நிருத்தம், சந்தம், சோதிடம் என வேதாங்கங்கள் ஆறு. சோதிடம் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டதன் முதற்காரணம், வேள்விக்கும் வழிபாட்டிற்கும் உரிய காலத்தை அளந்து காட்டுவதேயாகும். மார்கழித் திருவாதிரை எந்நாள், சிவராத்திரி எந்நாள் என்று அதனைக் கொண்டே அறிகின்றோம். அவ்வளவில் அது நமக்கு நல்ல பணியாள். பணியாளைத் தலைவனாக்கி, அவன் முன் கைகட்டி நிற்கும்போதுதான் இடர் விளைகின்றது.

ஏழரைச் சனி என்றாலே நடுங்குவோர் பலர். சனிக்கோள் வான்வெளியில் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. 12 இராசிகளில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2½ ஆண்டுகள் தங்குகின்றது. பிறந்த இராசிக்கு முன்னும் பின்னும் அதனிலுமாக மூன்று இராசிகளைக் கடக்கும் காலமே ஏழரை. ஆதலின் எக்காலத்தும் பன்னிரண்டில் மூன்று இராசியார், அஃதாவது மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர், ஏழரைச் சனியில்தான் இருக்கின்றனர். அவர்களுள் மணம் முடிப்போரும் உண்டு. மகப்பேறு பெறுவோரும் உண்டு. கோயிற்குத் திருப்பணி செய்வோரும் உண்டு. இதனை எண்ணிப் பார்த்தால் நடுக்கம் பாதி குறையும்.

மீதிப் பாதியைக் குறைப்பது நம் சித்தாந்தம். வினை என்பது சடம். சடமாகிய வினை தானே சென்று உயிரைப் பற்றாது. உயிரும் துன்பம் தரும் வினையைத் தானே விரும்பி எடுத்துக்கொள்ளாது. ஆகவே வினைப்பயனை அறிந்து உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. வினைக்கே இந்நிலை என்றால் கோள்களுக்குத் தனி ஆட்சி ஏது? அவை அவன் ஆணையில் நிற்பவை. ஆதலால் திருநள்ளாறு செல்லும் அன்பர்கள் சனீசுவரர் சந்நிதியோடு திரும்பிவிடாது, நளனுக்கு அருள் செய்த தருப்பாரணியேசுவரர் திருமுன் நின்று உருகுதல் வேண்டும்.

இனிக் கோளறு பதிகம் எழுந்த வரலாற்றை நினைவு கூர்வோம். 7ஆம் நூற்றாண்டு. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைக்க, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுகின்றார். உடனிருந்த அப்பரடிகள், தாம் முன்பு பட்ட துன்பங்களை எண்ணி, கோள்நிலையும் நன்றாக இல்லை என்று தடுக்கின்றார். அது அன்பினால் வந்த அச்சம். பிள்ளையார் அவரை மறுத்து வாதிடவில்லை. கோள்களே இல்லையென்றும் கூறவில்லை. ஒன்பது கோள்களையும் எண்ணிச் சொல்லி, அவையெல்லாம் அடியார்க்கு நல்லவையே என்று பாடினார். அதற்கு அவர் காட்டிய காரணம் ஒன்றே: சிவபெருமான் தம் நெஞ்சகத்தே எழுந்தருளியிருத்தல்.

பதிகத்தைப் பாடிவிட்டு மதுரை சென்றாரே, அங்கே இடர் ஒன்றும் வரவில்லையா? வந்தது. அவர் தங்கிய மடத்திற்கே தீயிட்டனர். ஆகவே இப்பதிகம் துன்பமே வாராது தடுக்கும் தாயத்து அன்று. துன்பம் வந்தபோதும் நிலைகுலையாது நின்று, செய்யவேண்டிய தொண்டைச் செய்து முடிக்கும் உரத்தைத் தருவது அது. தீயிட்டவரிடத்தும் அரசனிடத்தும் பகை வளர்க்காது, வெப்பு நோயால் வருந்திய பாண்டியனுக்குத் திருநீறிட்டு நோய் தீர்த்தார் அன்றோ? கோள் அறுதல் என்பதன் பொருளை அங்கே காண்க.

சோதிடத்தை விட்டால் மந்திரவாதம் வந்து பற்றுகின்றது. செய்வினை என்றும், ஏவல் என்றும், தகடு என்றும் சொல்லி நிலத்தை விற்க வைப்போரைப் பார்க்கின்றோம். சித்திகளே இல்லையென்று சைவம் கூறவில்லை. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டமாசித்திகளை விரித்துரைக்கின்றார். எனினும் சித்தி வேறு, முத்தி வேறு. அருஞ்செயல்கள் பலவும் கைகூடலாம், மனத்தை அடக்கி அமைதியுற்றிருத்தலே அரிது என்பது தாயுமானவர் கருத்து. உண்மைச் சித்தர் எவரும் பிறர் வீட்டு அச்சத்தை விலைபேசியதில்லை என்பதை நினைவிற் கொள்க.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சொற்பொழிவு முடிந்தபின், முதியவர் ஒருவர் மகளின் சாதகத்தோடு நம்மிடம் வந்தார். செவ்வாய் தோடம் என்று சொல்லி மூன்று இடங்கள் தட்டிப் போயின. கழிப்புக்கென்று பெரும்பொருள் செலவாகியது. கோளறு பதிகத்தை 48 நாள் ஓதினால் திருமணம் கூடுமா என்று கேட்டார். இலக்கினத்திற்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோடம் என்பர். விலக்குகளை நீக்கிப் பார்த்தால், பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு தோட வீடாகின்றது. உலகில் இத்தனை பேருமா வாழாது போயினர் என்று கேட்டோம். பிறகு, மகள் என்ன சொல்கின்றாள் என்று வினவினோம். அவர் விழித்தார். அவளை யாரும் கேட்கவேயில்லை!

மறுநாள் அப்பெண்ணும் வந்தாள். தான் செவ்வாய்க்கு அஞ்சவில்லை என்றும், நாளும் வாடிவரும் தந்தையார் முகத்தைக் கண்டே அஞ்சுவதாகவும் கூறினாள். நாளெண்ணாது இருவரும் ஒன்றாக அமர்ந்து ஓதுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அடுத்த திருவிழாவில் இருவரையும் கண்டோம். சாதகத்தைச் சுமந்து அலைவதைத் தந்தையார் நிறுத்தியிருந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. அவ்வீட்டில் அச்சம் நீங்கியதே நாம் கண்ட பயன்.

அங்ஙனமாயின் நூலைப் படித்தால் போதுமோ என்றால், அதிலும் ஓர் இடர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தினார். அவருடைய குலகுரு சகலாகம பண்டிதர் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அப்பதிகம் கூறியவாறே அங்குள்ள முக்குளத்தில் நீராடி வழிபட, ஓர் ஆண்மகவு பிறந்தது. அக்குழந்தையே சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர்.

பின்னர் நிகழ்ந்ததே நமக்குப் பாடம். மெய்கண்டார் இளம்பருவத்திலேயே திருவெண்ணெய்நல்லூரில் ஆணவமலத்தின் இயல்பை உரைத்துக்கொண்டிருந்தார். ஆகமங்களையெல்லாம் கற்ற பண்டிதர் அங்கே சென்று, ஆணவம் எவ்வாறிருக்கும் என்று செருக்கோடு வினவினார். மெய்கண்டார் விடை கூறாது, நின்றிருந்த அவரையே ஏற இறங்க நோக்கினார். பண்டிதர் அக்கணமே உணர்ந்து அடிவீழ்ந்தார். அவரே சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார்.

ஏடு காட்டிய குறியை அவர் சரியாகவே அறிந்தார். அது பலித்தும் விட்டது. வருவதை அறிந்த அவ்வறிவு அவருடைய செருக்கைத் தீர்க்கவில்லை. கற்ற கல்வியும் தீர்க்கவில்லை. தம்மைத் தாமே கண்ட அந்த நொடிதான் தீர்த்தது. நாளை நடப்பதை அறிய விரும்புவோர் பலர்; இன்று தாம் இருக்கும் நிலையை அறிய விரும்புவோர் மிகச் சிலர்.

ஆதலின் அன்பர்கள் நாள்தோறும் ஒரு பதிகமேனும் ஓதுக. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நம் பெரியோர் நான்கு படிகள் வகுத்தனர். பொருள் தெரிந்தாரிடம் கேளுங்கள். கேட்டதைத் தனித்திருந்து சிந்தியுங்கள். கோபம் வரும்போதும் இழப்பு வரும்போதும், ஓதியது நம்மை எவ்வளவு மாற்றியிருக்கின்றது என்று உரைத்துப் பாருங்கள். தெளிவு அங்கே பிறக்கும். நிட்டை அவன் அருளால் கூடும்.

இவ்வாறு செய்யின், நாள் பார்க்கும் இடத்தில் நாள் பார்ப்போம். அஞ்சும் இடத்தில் அஞ்சமாட்டோம். நம் வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் கட்டங்களுக்குள் அடைபடாது வாழ்வர். அம்மையப்பர் திருவடிகள் அதற்குத் துணை செய்வனவாக.

திருச்சிற்றம்பலம்.