கரிய ஓட்டமும் பெற்றோர் ஓட்டமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெயரிடுதல் கவிஞர்க்கு மட்டுமே உரிய தொழிலன்று. ஜப்பானியர் தம் கடலின் இரு நீரோட்டங்களுக்கு இட்ட பெயர்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன். தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் குரோஷியோ. ‘கரிய ஓட்டம்’ என்பது பொருள். வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டம் ஒயாஷியோ. ‘பெற்றோர் ஓட்டம்’ என்பது பொருள்.

இப்பெயர்களுள் வேதியியல் உறைந்திருக்கிறது. குரோஷியோவின் மேல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு. ஆதலின் நுண்பாசிகள் அருகியே வாழ்கின்றன. நீர் தெளிந்து ஆழ்ந்த நீலமாய்க் கருக்கிறது. அவ்வழகு வறுமையின் அழகு. ஒயாஷியோவோ, குளிர்காலக் காற்று கலக்கி மேலேற்றிய ஆழ்கடல் உப்புகளைச் சுமந்து வருகிறது. இளவேனிலில் ஒளி மிகும்போது டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகுகிறது. சிலிக்கேட்டைக் கொண்டு அது தன் கண்ணாடி ஓட்டைக் கட்டுகிறது. அதனைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்கள் உண்கின்றன. ஊட்டி வளர்ப்பதனால் அவ்வோட்டம் பெற்றோராயிற்று.

ஹோன்ஷுத் தீவின் வடகிழக்கே, சன்ரிக்குக் கரைக்கு அப்பால், இருவகை நீரும் எதிர்ப்படுகின்றன. அந்த எல்லைக்கோட்டை மீனவர் ‘ஷியோமே’ என்பர். அச்சொல்லின் ஈற்றெழுத்துக்குக் ‘கண்’ என்று பொருள். அக்கோட்டில் நுரையும் மிதக்கும் கடற்பாசியும் சேர்கின்றன. ஓரிடத்தில் நீர் தாழ, மற்றோரிடத்தில் எழுந்து உப்புகளை ஒளிக்குக் கொணர்கிறது. காற்றிலிருந்து கடல் ஏற்ற கரியின் ஒரு பகுதி, மடிந்த பாசியோடு ஆழத்தில் இறங்குகிறது. இரை திரளுமிடத்தில் மீன் திரள்கிறது. மீன் திரளுமிடத்தில் படகு நிற்கிறது. இவ்வளவும் வேறுபாட்டின் கொடை. இரு நீரும் முற்றக் கலந்துவிட்டால் ஷியோமேயும் இல்லை.

அன்பர்களே, அக்கோடு நிலைபெயர்வதும் உண்டு. 2023-இல் குரோஷியோவின் நீட்சி வழக்கத்தினும் வெகு வடக்கே ஏறிச் சன்ரிக்குக் கடலை வெதுப்பியது. 2008-இல் 3 லட்சம் டன்னைத் தாண்டிய ஜப்பானின் சன்மா மீன்பாடு, 2022-இல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. மீனினம் குன்றியதும், கூட்டங்கள் கரையை விட்டு விலகியதும், கடல் வெப்பமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பெற்றோர் என்னும் பெயர் நிற்கிறது. பிள்ளைகளோ அந்நாளில் அக்கரைக்கு வருவது அரிதாயிற்று.

கடலின் நீலத்தை நாம் பாடிவருகிறோம். அது பசியின் நீலமாகவும் இருக்கலாம் என்பதை அறிந்து பாடுவோம். சொல்லைக் காப்பவர்க்கு, அச்சொல் சுட்டும் பொருளைக் காக்கும் கடனும் உண்டு.