கேட்காமல் போகும் காசு
(கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவி அவர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே!

குழு சேமிப்பில் பத்து ரூபாய் குறைஞ்சாலும் நோட்டைப் புரட்டிக் கணக்கு கேட்கிறவங்க நாம். ஆனா செல்போன் வழியா மாசம் 99 ரூபாய் போனா, "எதையோ தெரியாம அமுக்கிட்டேன்"னு வெட்கப்பட்டு வீட்டில்கூட சொல்றதில்லை. வருஷத்துக்கு அது 1,188 ரூபாய்.

பிள்ளைங்க படம் பார்க்கும்போது "ஏழு நாளைக்கு ஒரு ரூபாய்தான்"னு வரும். ரகசிய எண்ணைப் போட்டதும், மாசாமாசம் பணம் எடுக்கிற அனுமதியும் சேர்ந்தே போயிடும். அப்புறம் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் எண் கேட்காது. செயலியை அழிச்சாலும் அந்த அனுமதி அழியாது.

அதனால முதல் வேலை, பணம் அனுப்புற செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அதை ரத்து செய்யணும். வங்கிச் செய்தி, தேதி, தொகை எல்லாத்தையும் படம் பிடிச்சு வச்சுக்கணும். பிறகு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கணும். பதில் சரியில்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரணும்; இது ரிசர்வ் வங்கி விதி. வரலைன்னா வங்கியில் எழுதிக் கொடுங்க. 30 நாளில் தீர்வு இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரீசார்ஜ் பணத்தில் பாட்டு, ஜோசியம்னு பிடிச்சா 155223-க்கு அழைச்சு நிறுத்தலாம். யாராவது ஏமாத்தி ஓடிபி வாங்கியிருந்தா அது வேற, உடனே 1930.

சேருவதைச் சுலபமாக்கி, விலகுவதைக் கஷ்டமாக்கும் 'சந்தாப் பொறி'யை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கு. தெரிஞ்சே சேர்ந்து மறந்திருந்தா பழைய பணம் திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா இனிமே எடுக்காதேன்னு நிறுத்துவது நம்ம உரிமை.

எதிலும் தீரலைன்னா, 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருவள்ளூர், அம்பத்தூர்க்காரங்களுக்குச் சென்னை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்லை.

ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. படிச்ச உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தவங்க வங்கிச் செய்திகளைப் பார்க்க உதவட்டும். ரகசிய எண்ணை மட்டும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். சிறுகச் சேர்த்த காசு, சிறுகச் சிறுக நமக்குத் தெரியாமல் போகக்கூடாது.