கார் தானாகப் பாய்ந்ததா?

ஓட்டுபவர் கேட்காமலே ஒரு கார் வேகமெடுக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்காவில் நடந்த ஒரு பழைய வழக்கு உதவும். 1986 நவம்பர் 23, ஞாயிறு இரவு. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஆடி 5000 என்ற ஜெர்மானிய சொகுசு காரைப் பற்றிப் பேசியது. அதில் வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஏறக்குறைய ஒரே விஷயம். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ தள்ளினேன், கார் பாய்ந்தது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன், நிற்கவில்லை என்றார்கள். பேசியவர்களில் மகனை இழந்த ஒரு தாயும் இருந்தார். அதோடு திரையில் ஒரு காட்சியும் வந்தது. யாருடைய காலும் படாமல் ஒரு ஆடி காரின் ஆக்சிலரேட்டர் பெடல் தானாகவே தரையை நோக்கி இறங்கியது. பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. 1985இல் அமெரிக்காவில் 74,000 கார்களுக்கு மேல் விற்ற ஆடி, 1991இல் சுமார் 12,000தான் விற்றது.

அந்தக் காட்சி எப்படி வந்தது என்பது பிறகு வெளியானது. காரின் கியர்பெட்டியில் துளை போட்டு, வெளியிலிருந்து அழுத்தம் செலுத்தித்தான் பெடலை இறக்கியிருந்தார்கள். அந்தத் துளையைப் பற்றி நேயர்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் காட்சி ஜோடனை என்பதால் புகார்களும் ஜோடனை ஆகிவிடாது. அந்தக் காரோடு சேர்த்துப் பேசப்பட்ட விபத்துகள் சுமார் 700, மரணங்கள் 6. அடிபட்டவர்கள் உண்மையாகவே அடிபட்டவர்கள். அவர்கள் சொன்னதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் சிக்கல்.

அவர்களுடைய கூற்றைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சின் தானாக முழு வேகமெடுத்தது. மற்றது, பிரேக் வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும். ஏனென்றால் ஒரு காரின் பிரேக் அதன் எஞ்சினைவிட பலமானது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கார் என்றால் சந்தேகமே வேண்டாம், பிரேக்கை அழுத்தினால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நகராது. ஓடும் காரிலும் அப்படித்தான். பின்னாளில் டொயோட்டா கார்கள் மேலும் இதே போன்ற புகார் எழுந்தபோது 'கார் அண்ட் டிரைவர்' இதழ் அந்நிறுவனத்தின் கேம்ரி கார் ஒன்றை மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே பிரேக் போட்டுப் பார்த்தது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுப் பிரேக் போட்டபோது கார் சுமார் 53 மீட்டரில் நின்றது. மிதித்தபடி போட்டபோது சுமார் 58 மீட்டர். வித்தியாசம் ஒரு கார் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆகவே ஆடி ஓட்டுநர்கள் சொன்னது அப்படியே நடந்திருக்க வேண்டுமானால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அமைப்புகள் ஒரே கணத்தில் கெட்டு, விபத்து முடிந்ததும் இரண்டுமே தடயமில்லாமல் சரியாகியிருக்க வேண்டும். ஒரு காரில் அப்படி நடந்தது என்றால் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான கார்களில் நடந்தது என்றால் நம்புவதற்கில்லை.

இதற்கு எளிமையான விளக்கம் ஒன்று உண்டு. கால் பிரேக்கில் இல்லை, ஆக்சிலரேட்டரில் இருந்தது. அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிவுக்குத்தான் வந்தது. நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய்ந்து, பிரேக்கும் வேலை செய்யாமல், பிறகு சோதித்தால் எந்தக் கோளாறும் தென்படாத விபத்துகளில், பெடல் மாறி மிதிபட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றது அது.

உடனே ஒரு மறுப்பு எழும், எழத்தான் வேண்டும். இருபது முப்பது வருஷம் கார் ஓட்டியவர்களுக்கு எது பிரேக், எது ஆக்சிலரேட்டர் என்று தெரியாதா? நூற்றுக்கணக்கான பேர் பொய்யா சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெடலை நாம் கண்ணால் பார்த்து மிதிப்பதில்லை. மனம் 'பிரேக்' என்று ஆணையிடுகிறது, கால் பழக்கத்தில் போகிறது. இருக்கையில் உடம்பு சற்றுத் திரும்பியிருந்தாலோ, ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாலோ, பாதம் நாலு விரற்கடை தள்ளி விழும். கலிபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989இல் இதைத்தான் விளக்கினார். முடிவு சரியாகவே இருக்கிறது, அது காலில் இறங்கும்போது பிசகுகிறது. முடிவெடுத்த மனத்துக்குத் தான் தவறியது தெரியாது. அதனால் கார் நிற்கவில்லை என்றதும் ஓட்டுபவர் காலை எடுக்கமாட்டார், இன்னும் அழுத்துவார். அழுத்த அழுத்த வேகம் கூடும். 'பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன்' என்று அவர் சத்தியம் செய்வது அவருடைய அனுபவத்தின் நேர்மையான விவரிப்பு. இந்தப் புகார்கள் ஆட்டோமேட்டிக் கார்களையே சுற்றி வந்ததற்கும் இதிலிருந்து காரணம் சொல்லலாம். கிளட்ச் உள்ள காரில் பதறும்போது இடது கால் தானாகவே கிளட்சை அமுக்கிவிடும். வலது கால் தப்பான இடத்தில் இருந்தால் எஞ்சின் வெறுமனே அலறும், அந்த அலறலே எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடைவெளி கிடையாது. நம் ஊரில் கிளட்ச் காரிலிருந்து ஆட்டோமேட்டிக்குக் கூட்டம் கூட்டமாக மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இது நினைவில் இருக்கட்டும்.

சரி, கால்தான் தவறியது என்றால், எல்லாக் கார்களையும் மனிதக் கால்கள்தானே ஓட்டுகின்றன, ஆடி மட்டும் ஏன் இத்தனை புகார்களை வாங்கிக் கட்டிக்கொண்டது? முதல் மறுப்பைவிட இது கூர்மையானது. இதற்குள் போகும்போது கதை நிறுவனத்துக்கு எதிராகத் திரும்புகிறது. வேறு பல நிறுவனங்களின் கார்கள் மேலும் அன்று விசாரணை நடந்தது உண்மை. தொலைக்காட்சி கிளப்பிய பரபரப்பு புகாரைப் பெருக்கியது என்பதும் உண்மை. ஆனால் காரிலும் விஷயம் இருந்தது. அமெரிக்கர்கள் பழகியிருந்த கார்களிலிருந்து அதன் பெடல்களின் அமைப்பு வேறுபட்டிருந்தது. காருக்குப் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானது, எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் சுழற்சியைச் சீராக வைத்திருக்க அதில் பொருத்தியிருந்த மின்னணுக் கருவி. ஏ.சி. போட்டால் எஞ்சின் திணறும் அல்லவா, அப்போது ஒரு சின்ன வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடுவது இதன் வேலை. இந்தக் கருவியின் சில வகைகள் அடிக்கடி கெட்டுப்போயின. கெட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் எகிறும், கியரைப் போட்டதும் கார் துள்ளும். அந்தத் துள்ளல் அதிகபட்சமாக 0.3 ஜி வரை போகக்கூடும் என்று பாதுகாப்பு நிர்வாகத்தின் அந்த 1989 ஆய்வே பதிவு செய்திருக்கிறது. அதாவது நொடிக்கு 10 கிலோமீட்டர் என்ற கணக்கில் வேகம் ஏறும். கொஞ்ச நேரம்தான், பிரேக் தொட்டால் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓட்டுபவர் திடுக்கிடுகிறார், கால் பதறிப் பாய்கிறது, பக்கத்துப் பெடலில் விழுகிறது. தொடங்கி வைத்தது கார், முடித்து வைத்தது கால். இந்த வரிசையைச் சேர்த்துப் பார்க்காமல் 'இயந்திரக் கோளாறா, மனிதத் தவறா' என்று மட்டும் கேட்டதால்தான் அத்தனை வருஷம் வீணானது என்பது என் எண்ணம்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பலமாகப் படும் சாட்சியம் ஒரு பூட்டு. 1987 ஜனவரியில் ஆடி தன் 5000 மாடல் கார்கள் சுமார் இரண்டரை லட்சத்தைத் திரும்ப அழைத்து, கியர் லீவரில் ஒரு பூட்டு பொருத்தியது. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் பார்க்கை விட்டு நகரும். இந்தப் பூட்டு எஞ்சினைத் தொடவில்லை. வேகக் கட்டுப்பாட்டைத் தொடவில்லை. பிரேக்கையும் மாற்றவில்லை. கியர் மாறும் நொடியில் வலது கால் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்தது. அதன்பின் பூட்டு வைத்த கார்களில் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன. எஞ்சினுக்குள் பேய் இருந்திருந்தால் இந்தப் பூட்டுக்கு அது பயந்திருக்க நியாயமில்லை. அதே பூட்டு நிறுவனத்தின் வாதத்தையும் உடைக்கிறது. 'ஓட்டுபவர் தவறு, எங்கள் கார் மேல் குற்றமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அப்படித்தான் அது அடிபட்டவர்கள் காதில் விழுந்திருக்கும். அந்தத் தவறைக் காரைத் திருத்தியே தடுக்க முடிந்தது என்றால், முதலிலேயே ஏன் தடுக்கவில்லை? ஓட்டுபவரின் தவறு என்று நிரூபித்துவிட்டால் தயாரித்தவரின் கடமை அங்கே தீர்ந்துவிடுவதில்லை. அமெரிக்கச் சட்டம் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. 2010 செப்டம்பர் முதல் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்கள் எல்லாவற்றிலும் இந்தப் பூட்டு கட்டாயம்.

அப்படியென்றால் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்வதே கிடையாதா என்றால், உண்டு. நன்றாகவே உண்டு. பழைய காரில் ஆக்சிலரேட்டர் கேபிள் பிரிபிரியாகி உறைக்குள் மாட்டிக்கொள்ளும். இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். கரி படிந்து த்ராட்டில் திறந்தபடி ஒட்டிக்கொள்ளும். கால்மிதி நகர்ந்து பெடல் மேல் ஏறும். 2009 ஆகஸ்டில் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் நடந்தது கடைசியில் சொன்ன இதுதான். வேறொரு மாடலின் கால்மிதியை அதில் போட்டிருந்தார்கள். பெடல் அதன் அடியில் மாட்டிக்கொண்டது, நான்கு பேர் இறந்தார்கள். அங்கே பிரேக் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். பிரேக்குக்கு பலம் கூட்டும் பூஸ்டர், எஞ்சினின் உறிஞ்சு விசையை நம்பியிருக்கிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது அந்த விசை அநேகமாக இருக்காது. பூஸ்டரில் மிச்சம் இருப்பதை ஒரே அழுத்தில் பயன்படுத்தினால் கார் நிற்கும். விட்டுவிட்டு மிதித்தால் இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும். அதற்குள் பிரேக்கும் சூடேறிக் கரியும். எஞ்சினை அணைக்கவும் அந்தக் காரில் சாவி இல்லை, ஒரு பொத்தான்தான். ஓடும்போது அதை மூன்று நொடி விடாமல் அழுத்த வேண்டும். பதற்றத்தில் யார் மூன்று நொடி அழுத்திக்கொண்டிருப்பார்கள்? இதில் தவறியது கால் இல்லை, கால்மிதியும் பொத்தானும். இந்த வகைச் சம்பவம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் காரில் வரும், முடிந்தபின் தடயம் விட்டுச் செல்லும். நின்ற இடத்திலிருந்து பாயும் ஆடி வகையோடு இதைக் குழப்பக்கூடாது.

இன்னொரு எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ஆடி 5000இல் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இயந்திரத் தொடர்பு இருந்தது, இன்றைய கார்களில் இருப்பது மின்கம்பியும் மென்பொருளும். மென்பொருள் தவறினால் தடயம் ஏது? டொயோட்டா விவகாரத்தில் நாசா பொறியாளர்களை அழைத்துச் சோதித்தார்கள். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. கிடைக்கவில்லை என்பதால் நடக்கவே முடியாது என்று ஆகாது என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது. 2013இல் ஓக்லஹோமா ஜூரி ஒரு வழக்கில் மென்பொருளைக் குறை கூறிய நிபுணர் வாதத்தைக் கேட்டு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே கதவை மூட நான் தயாரில்லை. ஆனால் நடக்க முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. தானாகப் பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட 58 டொயோட்டா கார்களின் பதிவுக் கருவிகளைத் திறந்து பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதிய கணம்வரை பிரேக் மிதிபடவே இல்லை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் குழந்தையையும் கொன்றது. கார்தான் கெட்டது என்று அவர் நீதிமன்றத்தில் உறுதியாகச் சொன்னார். கருவியின் பதிவு வேறு சொன்னது. அவருக்கு ஐந்தாண்டு சிறை. ஜப்பான் அவரைத் தண்டித்ததோடு விட்டுவிடவில்லை. முன்னால் சுவரோ ஆளோ இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திடீரென்று முழுக்க மிதித்தால் எஞ்சினை அடக்கிவிடும் கருவியைக் கார்களில் பரப்பிவருகிறது. பழைய கியர் பூட்டின் தம்பி என்று அதைச் சொல்லலாம்.

பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் நேரடியான வேலை ஒன்று இருக்கிறது. கியர் பூட்டுக்குக் கட்டளை போவது பிரேக் விளக்கின் சுவிட்ச் வழியாக. அந்தச் சுவிட்ச் பழுதானால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் லீவர் பார்க்கை விட்டு நகராது, வண்டி வாசலிலேயே நின்றுவிடும். அவசரத்துக்குப் பூட்டையே கழற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. வண்டி ஓடும், உரிமையாளருக்கும் சந்தோஷம், அந்தக் கார் 1986க்குத் திரும்பிப் போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். சமதரையில், கை பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கில் கால் வைக்காமல் லீவரை அசைத்துப் பாருங்கள். அது பார்க்கை விட்டு நகர்ந்தால், பூட்டு வேலை செய்யவில்லை. வண்டியை முதலில் அதற்காக மெக்கானிக்கிடம் விடுங்கள்.