யாருக்கு எந்த வேலை? எழுதி வைப்போம்!

(தாம்பரத்தில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

சங்கம் என்றால் கொடியும் பெயர்ப் பலகையும் மட்டுமல்ல. எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பது கடைசி மெம்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் சங்கம்.

நம் சென்னையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27-ல் பின்னி கம்பெனியின் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அதற்குப் பாடுபட்டார்கள். பி.பி. வாடியா தலைவரானார். 1920-ல் மில் கதவடைக்கப்பட்டது. கம்பெனி, வாடியா முதலியோர்மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது, தடையுத்தரவும் பெற்றது. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது.

முதலாளி தலைமையைக் குறிபார்த்தே அடிப்பான். பாரம் முழுவதும் ஒரே தோளில் இருந்தால், அந்த ஆள் சாய்ந்ததும் பாரமும் விழும். இதை நாம் மறக்கலாகாது.

அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் பலனாகவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய மனுப் போடலாம் என்றது. நிர்வாகிகளை அமர்த்துவதும் நீக்குவதும் எப்படி, நிதியைக் காப்பதும் ஆண்டுதோறும் தணிக்கை செய்வதும் எப்படி என்பதை விதிகளில் எழுதச் சொன்னது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் பாடம் மாறவில்லை.

கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஏரித் தண்ணீர் ஊருக்கே பொது. ஆனால் மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று ஒருவரை ஊர் வைத்திருந்தது. ஆளாளுக்கு மதகில் கை வைத்தால் கடைமடை காய்ந்து போகும் அல்லவா?

ஆகவே, ஒவ்வொரு கிளையும் ஒரு தாளில் எழுதட்டும். கூட்டத்தை நடத்துவது தலைவர். மனு, கடிதம், தீர்மானப் புத்தகம் செயலாளர் பொறுப்பு. பணமும் ரசீதும் பொருளாளர் பொறுப்பு. கணக்கைச் சரிபார்ப்பது வேறொருவர். ஆலையில் ஷிப்டுக்கு ஒருவர், கிராமத்தில் தெருவுக்கு ஒருவர் சந்தா வாங்கட்டும். குறைகளைக் கேட்டு வரட்டும். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்யும் பெண்களிடமும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் செல்வதற்குத் தனியே ஆள் வேண்டும். அவர்களிலிருந்தே அந்த ஆள் வந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள். முதல் தோழர் சஸ்பெண்டானாலும், சிறை சென்றாலும், இரண்டாமவர் அன்றே அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்றிலிருந்தே அவருக்கு வேலையைக் கற்றுத்தர வேண்டும்.

முடிவெடுப்பது கூட்டாக, செய்து முடிப்பது தனித்தனிப் பொறுப்பாக. கணக்குக் கேட்பது ஒவ்வொரு மெம்பரின் உரிமை. கேட்பவரைப் பகைவராக நினைக்கக் கூடாது. அவரே சங்கத்தின் காவலர்.

அடுத்த கிளைக் கூட்டத்திலேயே அந்தத் தாளை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுவோம், தோழர்களே!