வானொலி அன்பர்க்கு ஏற்ற பதிவேடு எது?
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் மேடையில் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர்களும், ஓய்வு பெற்ற பெரியோர் சிலரும் அமெச்சூர் வானொலி உரிமம் பெறும் முயற்சியில் இறங்கியுள்ளனர். ‘ஹாம்’ என்று உலகமே செல்லமாக அழைக்கும் அந்தக் கூட்டத்தில் நம்மவர் சேர்வது மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் நம்மிடம் கேட்கும் முதல் வினா, “எந்தப் பதிவு மென்பொருளை வைத்துக்கொள்வது?” என்பதே. சிறிய வினாப்போல் தோன்றினும், இதனுள் பெரிய பொருள் அடங்கியிருக்கிறது. ஆதலின் இதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டோம்.

வானொலித் துறையில் தென்னாட்டின் பங்கு சிறிதன்று. 1924-ஆம் ஆண்டிலேயே சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்து ஒலிபரப்பு நடத்தினர். 1935-இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் முயற்சியால் ஒரு நிலையம் நிறுவினார்; அதன் பெயரே ‘ஆகாசவாணி’. நாம் வாழும் பெங்களூருவில் அமெச்சூர் வானொலிக் கழகம் 1959 முதல் இயங்கி வருகிறது. அமெச்சூர் அன்பர்களுக்கென்றே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஹாம்சாட் என்னும் செயற்கைத் துணைக்கோள், 42.5 கிலோகிராம் எடையுடன் 2005 மே 5-ஆம் நாள் விண்ணேறி, 2014 வரை உலகோர்க்குத் தொண்டாற்றியது. அதுவும் இந்நகரில் உருவானதே. இத்தகைய ஊரில் வாழும் நாம் இக்கலையை அறியாதிருத்தல் அழகன்று.

இனிப் பதிவேடு என்பது யாதெனக் காண்போம். வணிகர்க்குப் பேரேடு எப்படியோ, கப்பல் தலைவனுக்கு நாட்குறிப்பு எப்படியோ, அப்படியே வானொலி அன்பர்க்குப் பதிவேடு. யாருடன் பேசினோம், எந்நாளில், எந்நேரத்தில், எந்த அலைவரிசையில், வாய்மொழியாகவா மோர்ஸ் தந்தியாகவா, ஒலி எவ்வளவு தெளிவாக இருந்தது ஆகிய இவற்றை அது வரிசையாகச் சொல்லும். 1978-ஆம் ஆண்டில் நம் அரசு வகுத்த அமெச்சூர் விதிகள், பதிவேடு வைத்தலைக் கடமையாகவே விதித்தன. புதிதாக உரிமம் பெறுவோர், தம் உரிமத்துடன் வரும் நடப்பு நிபந்தனைகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுதல் வேண்டும். கணிப்பொறியில் எழுதினாலும், திங்கள்தோறும் ஓர் அச்சுப்படி எடுத்துக் கட்டி வைப்பது நன்று என்பதே நம் கருத்து.

சட்டத்திற்காக மட்டுமா பதிவேடு? இல்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேருக்குச் சென்று, உலக அன்பர்களோடு வானொலியில் உரையாடிக்கொண்டிருந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மோதிற்று. தொலைபேசிகள் செயலிழந்த அவ்வேளையில், பொழுதுபோக்காக நிறுவிய அந்நிலையமே செய்தி நிலையமாக மாறித் துயருற்றோர்க்கு உதவிற்று. அத்தகைய வேளையில், யார் சொன்ன செய்தி, எத்தனை மணிக்கு வந்தது, யாரிடம் சேர்க்கப்பட்டது என்பதை நினைவை நம்பி விட்டுவிட இயலுமா? நாள்தோறும் ஒழுங்காக எழுதிப் பழகிய கையே நெருக்கடியிலும் ஒழுங்காக எழுதும்.

மென்பொருளைத் தேர்வதற்கு முன் நம்மை நாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மிடம் உள்ள கணிப்பொறி எத்தகையது? நாம் செய்யும் வானொலிப் பணி எத்தகையது? எழுதியதை யார் யார் பார்க்க வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் கணிப்பொறி உடையவர்க்கு லாக்4ஓஎம், டிஎக்ஸ்லேப் ஆகிய இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. அன்றாடப் பதிவுக்கு இவை போதியன. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு சி.க்யூ.ஆர்.லாக் உண்டு. ஆப்பிள் கணிப்பொறிக்கு விலையில்லாத ரம்லாக், விலைக்குரிய மேக்லாகர் டிஎக்ஸ் ஆகியவை உள்ளன. இம்மூவகைக் கணிப்பொறியிலும் ஒருங்கே இயங்க வல்லது கே-லாக். வீட்டுக் கணிப்பொறியிலும் வெளியூரில் கைப்பேசியிலும் ஒரே பதிவேட்டைக் காண விரும்புவோர், உலாவி வழியே இயங்கும் கிளவுட்லாக், வேவ்லாக் என்பவற்றைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். ஆயின் அதற்குச் சற்றே கணிப்பொறிப் பயிற்சி வேண்டும். இந்நகரில் அப்பயிற்சி உடைய பிள்ளை இல்லாத வீடு அரிது!

போட்டிகளில் கலந்துகொள்வோர் தேவை வேறு. 48 மணி நேரம் ஓயாது நடைபெறும் உலகப் போட்டியில், ஒரு நிலையத்துடன் முன்பே பேசிவிட்டோமா என்பதைக் கண்ணிமைக்கும் பொழுதில் அறிய வேண்டும். அதற்கென்றே அமைந்தது என்1எம்எம். அது போட்டிக்கு வாள். அன்றாடப் பதிவுக்கு வேறொன்றை வைத்துக்கொண்டு, போட்டி முடிந்தபின் பதிவுகளை அதனுள் சேர்ப்பதே பலரும் கைக்கொள்ளும் முறை.

இக்காலத்தில் எஃப்டி8 என்னும் முறை பெரிதும் பரவியுள்ளது. 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கியும் சேர்ந்து 2017-இல் அளித்த முறை அது. 15 விநாடிக்கு ஒருமுறை கணிப்பொறிகளே செய்தி பரிமாறிக்கொள்ளும். ஒரு மாலைப்பொழுதில் பல தொடர்புகள் கிட்டும். அவற்றைக் கையால் எழுதிக்கொண்டிருத்தல் வீண் உழைப்பு. ஆதலின் எஃப்டி8 விரும்புவோர், அம்முறைக்கான மென்பொருளிலிருந்து பதிவுகளைத் தானே வாங்கிக்கொள்ளும் பதிவேட்டையே தேர்க. துணைக்கோள் வழியாகப் பேசுவோர், துணைக்கோளின் பெயரை எழுதத் தனிக்கட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். வானொலிப் பதிவு உலகப் பொது நேரத்தில் அமைய வேண்டும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முற்பட்டது. நாம் விடியற்காலை 4 மணிக்கு அமெரிக்க அன்பரோடு பேசினால், பொது நேரப்படி அது முந்திய நாள் இரவு 10.30 மணி. நேரம் மட்டுமன்றி நாளே மாறிவிடுகிறது! ‘உலகப் பதிவேடு’ என அமெரிக்கக் கழகம் 2003 முதல் நடத்திவரும் சேவையில், இருவர் பதிவும் 30 நிமிட வேறுபாட்டிற்குள் ஒத்திருந்தால்தான் தொடர்பு உறுதியாகும். ஐந்தரை மணி பிழைபட்ட பதிவு என்றும் உறுதியாகாது. ஆகவே பொது நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மென்பொருளே நமக்கு ஏற்றது. கணிப்பொறியின் கடிகாரமும் சரியாக இருத்தல் வேண்டும்.

அன்பர்களே! இதுவரை கூறியவை வசதியைப் பற்றியவை. இனிக் கூறுவதே இன்றைய பேச்சின் உயிர். எழுதிய பதிவு யாருக்குச் சொந்தம்? மென்பொருளுக்கா, நமக்கா?

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊரூராக அலைந்து சுவடி தேடியதை நாம் அறிவோம். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்றினார். அந்நூல்கள் அவர் கைக்கு எட்டியது எதனால்? யாரோ ஒருவர், பழைய ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தமையால் அன்றோ! படியெடுக்கப்பெற்றவை பிழைத்தன, படியெடுக்கப்பெறாதவை போயின. கணிப்பொறிப் பதிவுக்கும் விதி அதுவே.

நல்லவேளையாக, 1996-இல் தோன்றிய ஏடிஐஎஃப் என்னும் பொது வடிவம் நமக்குத் துணையாக உள்ளது. ஒரு மென்பொருளில் எழுதியதை இவ்வடிவில் வெளியே எடுத்து மற்றொன்றில் சேர்க்கலாம். எவ்வளவு அழகிய மென்பொருளாயினும், முழுப் பதிவையும் இவ்வடிவில் வெளியே தாராவிடில் அதனைத் தொடாதீர்கள். ஹாம் ரேடியோ டீலக்ஸ் என்னும் புகழ்பெற்ற தொகுப்பு, ஒரு காலத்தில் விலையின்றிக் கிடைத்தது. 2011-இல் உரிமை கைமாறியபின் அதன் புதிய பதிப்புகள் விலைக்குரியனவாயின. அது குற்றமன்று, உழைப்பிற்கு விலை உண்டு. ஆனால் நம் பதிவு நம் கையில் இருந்தால்தான் விலை கொடுப்பதா, வேறிடம் செல்வதா என்பதை நாம் முடிவு செய்ய இயலும்.

இணையச் சேவையை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. 2024 மே மாதத்தில், மேற்கூறிய உலகப் பதிவேடு கணிப்பொறித் தாக்குதல் காரணமாக முடங்கிற்று. ஜூலை 1-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. தம் வீட்டில் படி வைத்திருந்தோர் அமைதியாக இருந்தனர். இணையச் சேவை உறுதிச் சீட்டு பெறும் இடம். அது களஞ்சியம் அன்று.

தமிழர்க்கென ஒரு சோதனை. நம்மில் பலர் நண்பர் பெயரையும் உரையாடற் குறிப்பையும் தமிழில் எழுத விரும்புவோம். ஆனால் ஏடிஐஎஃப் வடிவின் எளிய வகை ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்தது. பிறமொழி எழுத்துகளுக்கு அதன் மற்றொரு வகையிலேயே இடம் உண்டு. ஆகவே மென்பொருளை ஏற்குமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்குக. பத்துத் தொடர்புகளை எழுதுக; இரண்டில் தமிழ்க் குறிப்பு இடுக. பின் அவற்றை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் சேர்த்துப் பார்க்க. பத்தும் வந்தனவா? நாளும் நேரமும் மாறாதிருக்கின்றனவா? தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சிதைந்தனவா? இச்சோதனையில் தேறிய மென்பொருளே நம் வீட்டிற்குள் வரத்தக்கது. தேறியபின்னும் வாரம் ஒருமுறை படி எடுத்து, ஒன்றைக் கணிப்பொறியிலும், ஒன்றைத் தனி வட்டிலும், ஒன்றை வேறோர் இடத்திலும் வைக்க.

இறுதியாகத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். வானொலி அன்பர் மறைந்தால், ‘சைலண்ட் கீ’ ஆனார் என்று பிறர் குறிப்பர்; அவருடைய தந்திச் சாவி ஓய்ந்தது என்பது பொருள். அவர் ஓய்ந்த பின்னரும், அவரோடு என்றோ பேசிய தொலைநாட்டவரிடமிருந்து அஞ்சலட்டைகள் வந்துகொண்டிருக்கும். “எங்கள் தொடர்பை உறுதி செய்யுங்கள்” என்று அவை கேட்கும். பதிவேடு எங்கே இருக்கிறது, அதனைத் திறக்கும் மறைசொல் யாது என்பது வீட்டாருக்குத் தெரியாவிடில், அவ்வட்டைகளுக்கு விடை எழுதுவோர் யார்? தந்தை பல்லாண்டு பேசிய உலகம் ஒரே நாளில் பூட்டப்பட்டுவிடும். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தைச் சொல்வதுபோல், பதிவேடு இருக்கும் இடத்தையும் வீட்டாரிடம் சொல்லி வைத்தல் கடமை. பிள்ளைகள் அருகிலமர்ந்து பதிவு எழுதப் பழகினால் இன்னும் நன்று. நாட்டின் பெயரும் நிலப்படமும் நேரக் கணக்கும் பள்ளிக்கு வெளியே தாமே வந்து சேரும்.

பிறந்த ஊரைவிட்டு வந்து இந்நகரில் வாழும் நமக்குத் தொலைவிலிருந்து வரும் குரலின் அருமை தெரியும். அக்குரலைக் கேட்டதற்குச் சான்று பதிவேடு. தேர்ந்த கருவியில், திருந்திய முறையில், நம் கைக்குள் இருக்குமாறு அதனைக் காப்போமாக.