பொன்துகளும் புற்றுநோயும்



கூத்தாநல்லூரைச் சூழ்ந்த வயல்களில், அவசரமாகக் கட்டிய வரப்பில் நண்டு வளையிட்டால் நீர் கசிந்து அடுத்த வயலுக்கு இறங்கிவிடும். புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்களும் அத்தகையனவே. கட்டி விரைந்து வளர்வதால் அதற்கென முளைக்கும் குழாய்கள் துளைகளோடு அமைகின்றன. நல்ல குழாயில் கசியாத மீநுண் துகள் அத்துளை வழியே கட்டிக்குள் இறங்கித் தங்கிவிடும். ஜப்பானிய அறிஞர்களாகிய மாட்சுமுராவும் மயேடாவும் 1986ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர்.

மீநுண் அளவு என்பது நானோ மீட்டர்; ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இரு வேறு இயல்புடைய பொருள்களை அவ்வளவில் ஒரே துகளாக இணைப்பதே கலப்பு மீநுண்பொருள். உள்ளே இரும்பு ஆக்சைடும் வெளியே மருந்தேந்திய உறையுமாக அமைத்தால், எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் இடம் புலப்படும். அதே துகள் மருந்தையும் கொண்டு சேர்க்கும். நோயறிதலும் நோய்தீர்த்தலும் ஒரு கலத்திலேயே பயணம் செய்கின்றன.

இவற்றுள் எண்ணி வியக்கத்தக்கது பொன்னுறைத் துகள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் (பெயரைக் கேட்டு நெல்லாய்வு நிலையம் எனக் கருத வேண்டா) நவோமி ஹாலாசும் ஜெனிபர் வெஸ்டும் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவின்மேல் மெல்லிய பொன் பூசினர். கைவிளக்கை உள்ளங்கையில் அழுத்தினால் சிவப்பொளி மட்டும் தசையை ஊடுருவித் தெரிவதைச் சிறுவரும் அறிவர். அதற்கும் அப்பாற்பட்ட அகச்சிவப்புக் கதிர் இன்னும் ஆழம் செல்லும். பொன்னுறை அக்கதிரைப் பற்றிச் சூடேறும். அருகிலுள்ள புற்றணுக்கள் அவ்வெப்பத்தில் மாயும். ஆண்சுரப்பிப் புற்றுநோயர் 16 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் பதினாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

மற்றொரு கணக்கையும் அவை கேட்க வேண்டும். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் டொரன்டோ அறிஞர்கள் காட்டியது: செலுத்திய துகள்களில் இடைநிலையாக 0.7 விழுக்காடே கட்டியை அடைந்தது. எஞ்சியவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்கின்றன. இக்கணக்கு எலிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது என்பது இவ்வவையோர் நெஞ்சை உறுத்தும், உறுத்துவது முறையே.

ஆயினும் இத்துறை வெறுங்கனவன்று. டாக்சோரூபிசின் என்னும் மருந்தைக் கொழுப்புக் குமிழியில் அடைத்த டாக்சில் 1995இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதயத்துக்கு அம்மருந்து செய்யும் தீங்கு அதனால் குறைந்தது. தஞ்சையை அடுத்த திருமலைசமுத்திரத்தில், சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் மீநுண் ஆய்வுக்கெனத் தனி மையம் இயங்குகிறது.

பொன்துகள் என்றதும் தங்க பஸ்பத்தை எண்ணுவோர் உண்டு. அது வேறு, இது வேறு. கட்டி கண்ட ஒருவர், பொன்மருந்து வருமெனக் காத்து அறுவையைத் தள்ளிப்போட்டால், இழக்கும் திங்கள்களை எந்தத் துகளும் மீட்டுத் தாரா. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இவ்வூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியார் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடுதான் பணியைத் தொடங்கியது.